மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை: யோசெமிட்டியின் பாறைகளும் பொரி வல்லூறுகளும்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வருடா வருடம் மார்ச் 1 அன்று சில பாறை முகங்களில் ஏறத் தடை வந்துவிடும். வழக்கமாக ஜூலை 15 வரை இருக்கும். காரணம் ஒரே ஒரு பறவை, பொரி வல்லூறு. பைரி என்றும் சொல்வார்கள். இரையைக் குறிவைத்து உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பறவைகளில் இதைவிட வேகமானது இல்லை.

யோசெமிட்டி பாறையேறுபவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் இந்தத் தடையின் கனம் புரியும். எல் கேப்பிட்டன் என்ற பாறை மட்டுமே தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் செங்குத்தாக நிற்கிறது. அதை ஏறி முடிக்கப் பலருக்கு நாலைந்து நாள் ஆகும், இரவில் பாறையில் கட்டித் தொங்கவிட்ட மடக்குக் கட்டிலில்தான் தூக்கம். எங்கெங்கிருந்தோ காசு சேர்த்து, விசா வாங்கி, லீவு போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையில் பள்ளத்தாக்கின் பாறை கொதிக்கும், குளிர்காலத்தில் ஈரமும் பனியும். ஏறுவதற்குத் தோதான காலம் வசந்தமும் இலையுதிர்காலமும்தான். அதில் வசந்தம் முழுக்க வல்லூறு முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம். யாரும் வேண்டுமென்றே இப்படி ஒரு மோதலை ஏற்பாடு செய்யவில்லை, இரண்டு பேருக்கும் அதே வெயில், அதே மாதம் பிடித்துப்போயிருக்கிறது.

மாதம் மட்டுமில்லை, இடமும் ஒன்றுதான். வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்துப் பாறையின் நடுவில், மேலே சற்று நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மழையையும் வெயிலையும் மறைக்கிற மாதிரி ஒரு திட்டு கிடைத்தால் போதும், அங்கே கிடக்கும் பொடிக்கல்லிலும் மண்ணிலும் நெஞ்சை வைத்து அழுத்திச் சீய்த்து ஒரு குழி பண்ணும். அதில் செம்பழுப்பு நிறத்தில் மூன்று நான்கு முட்டை. அவ்வளவுதான் அதன் வீடு. இப்போது கயிற்றோடு கீழிருந்து வருகிறவரை நினைத்துப் பாருங்கள். நாற்பது மீட்டர் வெடிப்புக்குள் விரலையும் காலையும் திணித்து ஏறி, கை மரத்துப்போய், எங்கேயாவது இரண்டு காலையும் ஊன்றி நின்று பாறையில் பிடிமானம் கட்டி அடுத்தவரை மேலே இழுக்க முடியுமா என்று தேடும்போது கண்ணில் படுவதும் அதே மாதிரித் திட்டுதான். பாறையேற்றப் பாதைகள் பெரும்பாலும் திட்டிலிருந்து திட்டுக்குத்தான் போகும்.

சரி, ஒருவர் அமைதியாகக் கடந்து போய்விட்டால் என்ன கெட்டுவிடும்? இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். அடைகாக்கும் பறவை பதறி எழும்பும்போது காலில் இடறி முட்டை விளிம்பைத் தாண்டி விழலாம். விழாவிட்டாலும், ஏறுபவர் அடுத்த பிடிமானத்தில் அரை மணி நேரம் நிற்கிறார், பின்னால் இன்னொருவர் வருகிறார், அவருக்குப் பின்னால் வேறொரு குழு வருகிறது. தாய் அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டே வானத்தில் வட்டமடிக்கும், முட்டை வெயிலில் வேகும் அல்லது குளிரில் விறைக்கும், காகமோ ஆந்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். குஞ்சுகள் ஐந்து வாரத்தைத் தாண்டியபின் ஆபத்து வேறு விதம். இறக்கை கிட்டத்தட்ட முளைத்திருக்கும், பறக்கத் தெம்பு வந்திருக்காது, அந்த நேரத்தில் திட்டின் ஓரத்தில் ஒரு மனிதத் தலை எட்டிப் பார்த்தால் பயத்தில் குதித்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாறையின் அடியில் நடந்து போகிறவர்களை வல்லூறு பெரும்பாலும் பொருட்படுத்தாது, கீழே நூறு பேர் நின்றாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். கூட்டுக்கு நேராகவோ அதற்கு மேலேயோ ஆள் வந்தால்தான் தாங்காது. அதனால் கூடு இருக்கும் பாதையை மட்டும் மூடினால் போதாது, பக்கத்துப் பாதைகளையும், மேலிருந்து கயிற்றில் இறங்கும் வழிகளையும் சேர்த்துத்தான் மூட வேண்டியிருக்கிறது.

எல் கேப்பிட்டனில் ஒரு ஜோடி

இந்த வல்லூறு அமெரிக்காவில் கிட்டத்தட்ட இல்லாமலே போனதற்குப் பாறையேறுபவர்கள் காரணமில்லை. காரணம் டி.டி.டி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயலிலும் காட்டிலும் கொட்டிய பூச்சிக்கொல்லி பூச்சிக்குள் போய், அதைத் தின்ற சிறு பறவைக்குள் போய், அந்தச் சிறு பறவைகளைத் தின்ற வல்லூறின் உடம்பில் திரண்டது. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் பொருள், முட்டையோட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுக்கும். ஓடு மெலிந்துபோய், அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1960களின் நடுவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு ஜோடிகூட இல்லை. 1970இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுக்கத் தேடியதில் கூடு கட்டியிருந்தவை என்று தெரியவந்தது இரண்டே ஜோடி. அதே ஆண்டு அமெரிக்கா அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது, 1972இல் டி.டி.டி.க்குத் தடை வந்தது.

இதன் மூலத்தைக் கண்டுபிடித்த கதை பிரிட்டனில் தொடங்குகிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பந்தயப் புறா வளர்ப்பவர்கள், வல்லூறு பெருகிவிட்டது, எங்கள் புறாக்களைத் தின்கிறது, நடவடிக்கை எடுங்கள் என்று முறையிட்டார்கள். எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கையியலாளரிடம் 1960களின் தொடக்கத்தில் பொறுப்பு வந்தது. எண்ணிப் பார்த்தால் பெருகவில்லை, பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. அவர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டையோடுகளை எடுத்து எடை போட்டு அளந்து பார்த்து, 1940களின் கடைசியிலிருந்து ஓடு திடீரென மெலிந்திருப்பதை 1967இல் வெளியிட்டார். புகார் கொடுத்தவர்களின் கணக்கைச் சரிபார்க்கப் போன வேலைதான் பறவையைக் காப்பாற்றியது.

யோசெமிட்டிக்கு வருவோம். அங்கே 1941க்குப் பிறகு வல்லூறின் கூட்டை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. 1978இல் எல் கேப்பிட்டனில் ஒரு ஜோடி கூடு கட்டியிருப்பது தெரியவந்தது. கண்டு சொன்னது பாறையேறுபவர்கள். பாறையின் நடுவில் பல நாள் தங்கும் ஆட்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் டி.டி.டி. தடையாகி ஆறு வருடம் ஆகியும் விஷம் பறவையின் உடம்பை விட்டுப் போகவில்லை, ஓடு இன்னமும் மெலிதாகத்தான் இருந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் 1975இல் தொடங்கிய வேட்டைப் பறவை ஆய்வுக் குழு ஒரு வழி கண்டுபிடித்தது, அதற்குக் கயிறு தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. ஒருவர் கூட்டுத் திட்டுக்கு இறங்குவார். தாய் கத்திக்கொண்டு பாயும், தலைக்கவசம் இல்லாமல் போக முடியாது. மெலிந்த ஓட்டு முட்டைகளை விரல் பதியாமல் எடுத்து, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கி, அவை இருந்த இடத்தில் அதே நிறம் பூசிய போலி முட்டைகளை வைத்துவிட்டு மேலே வருவார். வல்லூறு திரும்பி வந்து போலி முட்டைகள் மேல் உட்கார்ந்து அடைகாக்கும். உண்மையான முட்டைகளை ஆய்வுக்கூடத்தில் அளந்த வெப்பத்திலும் ஈரத்திலும் பொரிக்க வைப்பார்கள். அப்புறம் சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி இறங்கி, போலி முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை வைத்துவிட்டு வருவார். காலையில் முட்டை, மாலையில் பசித்த வாயோடு குஞ்சு! அந்தப் பெற்றோர் ஒரு கேள்வியும் கேட்காமல் இரை கொண்டுவந்து ஊட்டத் தொடங்கிவிடும்.

எனக்கு இந்த இடம் முக்கியம். பறவைக்காகப் பாதையை மூடுகிறோம் என்று அதிகாரி சொல்லும்போது, ஏறுபவர்கள் அதை எங்களுக்கு எதிரான உத்தரவு என்று எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. யோசெமிட்டியில் அந்தப் பேச்சு அவ்வளவு சூடாகாததற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுடைய மூத்த தலைமுறையின் கைகள் அந்த முட்டைகளைத் தொட்டிருக்கின்றன.

1999இல் அமெரிக்கா இந்தப் பறவையை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. கதை இங்கே முடிந்துவிடவில்லை. பறவை பெருகப் பெருக, ஏறுபவர்களும் பெருகினார்கள், இருவரும் ஒரே சுவரில் சந்திப்பதும் கூடிக்கொண்டே போனது.

தொலைநோக்கியோடு ஒருவர்

2009இல் பூங்கா நிர்வாகம் வல்லூறுகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது, யோசெமிட்டி கன்சர்வன்சி என்ற அமைப்பு அதற்குப் பணம் தந்து உதவியது. மார்ச் தொடக்கத்தில், முந்தைய வருடங்களில் கூடு இருந்த பாறை முகங்களைக் கொஞ்சம் தாராளமாகவே மூடிவிடுவார்கள். ஏனென்றால் ஒரு ஜோடி அதே பாறைக்குத் திரும்பி வந்தாலும் அதே திட்டில்தான் உட்கார வேண்டும் என்று இல்லை, போன வருடம் இடது பக்கம், இந்த வருடம் வலது பக்கம் என்று மாறும். அதற்கப்புறம் ஒருவர் பள்ளத்தாக்கின் தரையில் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியோடு உட்கார்ந்துவிடுவார். மணிக்கணக்கில்.

அவர் பார்ப்பது என்ன? பறவை பாறையில் எங்கே வெள்ளையாக எச்சம் வழிய விட்டிருக்கிறது. ஆண் இரையோடு வந்து எந்த இடத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிறது. ஒரு பறவை ஒரு திட்டுக்குள் போய் நீண்ட நேரம் வெளியே வரவில்லையா, அப்படியானால் அடைகாக்கிறது. அடைகாப்பு ஏறத்தாழ 33 நாள், குஞ்சு பொரித்துப் பறக்க இன்னும் ஆறு வாரம். முதல் முட்டை எப்போது என்று ஓரளவு தெரிந்துவிட்டால் கடைசிக் குஞ்சு எப்போது பறக்கும் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். முதல் முறை கூடு கெட்டுப்போனால் இரண்டு வாரத்தில் மறுபடி முட்டையிடும், அப்போது கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். ஜூலை 15 வரை என்று தேதியை இழுத்து வைத்திருப்பதற்கு இதுவும் காரணம்.

கூடு எந்தத் திட்டில் என்று உறுதியானதும் தடையை அந்தத் திட்டைச் சுற்றிச் சுருக்குவார்கள். இந்த வருடம் இந்தப் பாறையில் பறவை இல்லை என்று தெரிந்தால் முன்கூட்டியே திறப்பார்கள். குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிட்டாலும் சீக்கிரம் திறக்கும். மொத்தத்தில் பூங்காவின் பாறையேற்றப் பாதைகளில் மூடப்படுவது சுமார் 5 சதவீதம். ராஸ்ட்ரம் மாதிரி எல்லோரும் ஆசைப்படும் பாறை அந்த 5 சதவீதத்தில் பல வருடங்களில் இருந்திருக்கிறது, அதனால் வலி இல்லாத தடை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மீதி 95 சதவீதம் திறந்திருக்கிறது. திட்டம் தொடங்கியதற்குப் பிறகு பூங்காவில் கூடு கட்டும் ஜோடிகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன.

எனக்கு இதில் பிடித்தது மூடுவதைவிடத் திறப்பது. தடை போடுவது எளிது, ஒரு பலகை நட்டால் போதும். பறவை போன பிறகும் பலகை அங்கேயே நின்றால், அடுத்த வருடம் யாரும் பலகையை நம்ப மாட்டார்கள். எத்தனையோ இடங்களில் கூடே இல்லாத பாறை மூடிக் கிடந்து, ஏறுபவர்கள் விடிகாலையில் திருட்டுத்தனமாக ஏறப் போய், கடைசியில் கூடு இருக்கும் பாறையிலும் அதே பழக்கம் வந்துவிடுகிறது. தடையைச் சுருக்கவும் விலக்கவும் தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், மீதியிருக்கும் தடை உண்மையானது என்று எல்லோருக்கும் புரியும். தொலைநோக்கிக்கும் அந்த ஆளின் சம்பளத்துக்கும் செலவழிக்காத நிர்வாகம், தடையைக் கடைப்பிடிக்கவில்லை என்று ஏறுபவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

பேசும் இடமும் வேண்டும். யோசெமிட்டியில் பாறையேறத் தெரிந்த ரேஞ்சர்களே இருக்கிறார்கள். ஏறுபவர்களோடு காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார்கள். எந்தப் பாதை மூடியிருக்கிறது, ஏன், எப்போது திறக்கும் என்று முகத்துக்கு நேராகக் கேட்கலாம். நேற்று மேலே மூன்றாவது திட்டுப் பக்கம் ஒரு வல்லூறு கத்திக்கொண்டே சுற்றியது என்று ஏறி வந்தவர் சொன்னால் அதுவும் குறிப்பில் ஏறும். கீழிருந்து தொலைநோக்கிக்கு எட்டாத மூலைகள் பாறையில் நிறைய உண்டு.

பிரிட்டனில் வழி கொஞ்சம் வேறு. அங்கே 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி கூட்டில் இருக்கும் வல்லூறைத் தொந்தரவு செய்வது குற்றம். ஆனால் எந்தப் பாறை எந்தத் தேதி வரை என்பதைப் பெரும்பாலும் பிரிட்டிஷ் மலையேற்ற மன்றம், பறவை அமைப்புகளோடும் நில உரிமையாளர்களோடும் பேசி முடிவு செய்து, ஒவ்வொரு பாறைக்கும் தேதியோடு தன் உறுப்பினர்களுக்குச் சொல்கிறது. பறவை இல்லை என்றால் பேசித் திறக்கவும் வைக்கிறது. சட்டம் பின்னால் நிற்கிறது, முன்னால் நிற்பது ஏறுபவர்களின் சொந்த அமைப்பு. முட்டை திருடுகிறவர்களும் வல்லூறுக்கு விஷம் வைக்கிறவர்களும் இன்றும் அங்கே இருப்பதால், கூடு இருக்கும் சரியான இடத்தை ஊரறியச் சொல்லவும் முடியாது. பாறையின் ஒரு பகுதியை மொத்தமாக மூட வேண்டியிருக்கிறது, அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாப் பறவைக்கும் இது பொருந்துமா

பொருந்தாது. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் ராமநகரா. சுற்றிலும் கருங்கல் குன்றுகள், தென்னிந்தியாவில் பாறையேறப் பழகிய பலருக்கு முதல் பள்ளிக்கூடம். அங்கே ராமதேவர பெட்டா என்ற குன்றை 2012இல் கர்நாடக அரசு பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்தது, ஏறத்தாழ 346 ஹெக்டேர். நீண்ட அலகுள்ள பாறுக் கழுகு அங்கே பாறைத் திட்டுகளில் கூடு வைக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. அந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இந்தியாவில் போய்விட்டன. கால்நடைக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006இல் தடை வந்தது. இங்கேயும் கொன்றது ஏறுபவர்களின் கயிறு இல்லை. ஆனால் இந்தக் கழுகு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அடைகாக்கவும் வளர்க்கவும் வல்லூறைவிட வெகு நாள் எடுக்கும், கூடு இல்லாத மாதங்களிலும் அதே பாறையில்தான் வந்து அடையும். விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் பறவை மிஞ்சிய இடத்தில் தேதி பார்த்துத் திறந்து மூடும் விளையாட்டு சரிவராது. வல்லூறுக்கு நான் கேட்கும் நெகிழ்வை அந்தக் குன்றுக்குக் கேட்க மாட்டேன், ஏற வேறு குன்றுகள் இருக்கின்றன.

அந்த வேறு குன்றுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பொரி வல்லூறின் இந்தியக் கிளையினமான ஷாஹீன், வயிறு செம்பழுப்பாக, தலை கறுப்பாக, நம் கருங்கல் குன்றுகளிலும் கூடு வைக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதன் காலம், நமக்கும் குளுமையாக ஏற வாய்க்கும் மாதங்கள் அவைதான். சில வருடம் முன்பு ஒரு பிப்ரவரிக் காலையில் அப்படி ஒரு குன்றில் ஒரு கயிற்று நீளம் ஏறி முடித்து இரண்டாவதில் இருந்தேன். தலைக்கு மேல் கெக்-கெக்-கெக் என்று இடைவிடாத கத்தல். முதலில் கிளி என்று நினைத்தேன். அடுத்த முறை என் தோளுக்கு ஒரு பத்தடி தள்ளிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது, இறக்கையின் ஓசை தனியாகக் கேட்டது. எனக்கு வலது பக்கம் மேலே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் ஒரு திட்டு, அதன் கீழே பாறையில் சுண்ணாம்பு ஊற்றியது போல் எச்சம், விளிம்பில் புறா இறகுகள் ஒட்டியிருந்தன. கீழே இருந்த நண்பர், “என்னடா, ஏன் நின்னுட்ட?” என்று கேட்டார். ஒரு பிடிமானக் கருவியைப் பாறையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டோம்.

இறங்கிய பிறகுதான் உறைத்தது, அந்தக் குன்றில் கூடு இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. நாங்கள் பார்த்ததை எழுதி வைக்கவும் இடம் இல்லை. அடுத்த வாரம் வேறு ஒரு குழு அதே பாதையில் ஏறியிருக்கும். அவர்கள் மேல் எப்படிக் குறை சொல்வது? பலகை இல்லை, தேதி இல்லை, சொல்லும் ஆள் இல்லை. மூன்று வாரம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாதாரணத் தொலைநோக்கியோடு போய் எதிர்ப் பாறையில் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஆண் பறவை எதையோ தூக்கிக்கொண்டு வந்தது, திட்டிலிருந்து ஒன்று எழும்பிப் போய் வாங்கியது. திட்டுக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அந்தப் பாதையில் மே மாதம் வரை ஏறாதீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்த குழுக்களுக்கு எல்லாம் போன் போட்டுச் சொன்னோம். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை, எந்தப் பாதை, எது வரை என்று மட்டும்தான் கேட்டார்கள்.

டிசம்பரில் குன்றுகளுக்குப் போகிறவர்கள் ஏறத் தொடங்கும் முன் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பாறையைப் பாருங்கள். வெள்ளை எச்சம் எந்தத் திட்டில், பறவை எந்தத் திட்டுக்குள் போய் எவ்வளவு நேரம் வரவில்லை, தேதி என்ன என்று குறித்து வையுங்கள். மேலே போன பிறகு கத்தல் கேட்டால் இறங்கிவிடுங்கள். குறிப்பைப் படம் பிடித்து ஊர் முழுக்கப் பரப்ப வேண்டாம், அந்தக் குன்றில் ஏறும் குழுக்களுக்கும் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கும் சொன்னால் போதும். பறவை பறந்து போனதும், பாதை திறந்துவிட்டது என்று அதே ஆட்களுக்கு மறக்காமல் சொல்லுங்கள்.